வளைவின் காரணம் பென் டிரைவில் இருந்தது

அந்தப் பென் டிரைவுக்கு அதன் சொந்த மூடி கிடையாது. மலைச்சரிவில் எங்கோ விழுந்து தொலைந்ததாம். தடித்த மார்க்கர் பேனா ஒன்றின் சிவப்பு மூடியை பிளேடால் பாதியாக அறுத்து, மெழுகுவத்தித் தீயில் காட்டி, இரண்டு விரலால் தட்டையாக அழுத்தி, அதையே இதற்கு மாட்டி வைத்திருந்தார் எங்கள் சர்வேயர். கழற்றும்போது சத்தம் வராது. மாட்டும்போது மட்டும் ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை எழும். பென் டிரைவின் முதுகில் தம் தங்கையின் நகப்பூச்சால் ஆங்கில எழுத்து ‘ஜி’யை எழுதியிருந்தார். எந்தக் கணினியில் செருகினாலும் அது ஜி டிரைவாகவே தெரிய வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. அதற்காகத் தம் மடிக்கணினியிலும் அலுவலகக் கணினிகளிலும் முன்கூட்டியே மாற்றம் செய்திருந்தார். இன்று அது என் மேசையில், கணினித் திரையின் கழுத்தில் ஒரு கயிற்றில் தொங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்புக்கு விடை சொல்ல இதை எழுதவில்லை. ‘கோப்புகளைத் தொலைத்துவிட்டுப் போனவர்’ என்று ஒரு மனிதரைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் இன்னும் சொல்கிறார்கள். வாயால் சுமத்திய பழியை எழுத்தால் இறக்கிவைக்க வேண்டும் என்று எழுதுகிறேன். அந்தப் பழியில் என் பங்கு பெரியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மேடையில் வளர்ந்தவள். அமிர்திக்குப் பக்கத்தில் ஓர் அடிவார ஊரில் பிறந்து, எட்டாம் வகுப்பில் ஒலிவாங்கியின் முன் ஏறியவள் படிப்பு முடியும்வரை இறங்கவில்லை. எதிரணியின் வாதத்தை முதலில் மனமாரப் பாராட்ட வேண்டும், பாராட்டிய வாயாலேயே அதன் காலை வார வேண்டும், வாரியபின் எதிரணியைப் பார்க்காமல் அவையைப் பார்க்க வேண்டும். இந்த வித்தை எனக்குக் கைவந்தது. அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. கட்டடப் பொறியியலில் பட்டயம் வாங்கி, திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு விதைக்கடையின் மாடியில் இயங்கிய சாலை வடிவமைப்பு அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் மாதமே எனக்குப் ‘பட்டிமன்றம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேலாளர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார். சர்வேயர் மட்டும் ‘பேச்சாளரே’ என்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெயிலில் கறுத்த முகத்தில் கண்ணாடிச் சட்டத்தின் தடம் மட்டும் வெளுத்திருக்கும். மலையில் ஐந்து நாள், அலுவலகத்தில் ஒரு நாள் என்பது அவருடைய வாரம்.

அப்போது எங்கள் கையில் இருந்தது ஒரு மலைச்சாலை. புதூர்நாட்டிலிருந்து நெல்லிவாசல்நாட்டின் கடைக்கோடிக் குக்கிராமம் ஒன்றுவரை ஏற்கெனவே இருந்த ஜீப் தடத்தை முறையான சாலையாக்குவதற்கான வரைபடங்கள். கணினி வரைபடம் என்பது பார்க்கும்போது ஒரே தாளாகத் தெரியும். உண்மையில் அது பல கோப்புகளின் கூட்டு. சாலையின் கோடு ஒரு கோப்பில் இருக்கும். நிலத்தின் மேடு பள்ளம் இன்னொன்றில், வீடுகள் வேறொன்றில், மரங்கள் மற்றொன்றில். முதன்மை வரைபடத்துக்குள் அவை இருப்பதில்லை. அவை இருக்கும் முகவரி மட்டுமே அதற்குள் எழுதப்பட்டிருக்கும். வரைபடத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கணினி அந்த முகவரிக்குப் போய், கோப்பை அழைத்துவந்து, கண்ணுக்குத் தெரியும்படி விரிக்கும். இதைத்தான் நாங்கள் ‘லிங்க்’ என்போம். மேற்கோள் காட்டும் பேச்சாளர் மாதிரிதான். மூல நூல் அலமாரியில் இருக்கும்வரை மேற்கோள் நிற்கும். நூல் காணாமல் போனால் மேற்கோள் வெறும் சொல். சர்வேயர் தம் பதினொரு கோப்புகளுக்கும் கொடுத்திருந்த முகவரி ஒன்றே ஒன்றுதான்: ஜி டிரைவ்.

அந்த நேரத்தில்தான் சென்னைத் தலைமை அலுவலகம் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எல்லா வரைபடங்களும் இனி ஒரே மின்பெட்டகத்துக்குள் இருக்கும். வேண்டும்போது வெளியே எடுத்து, வேலை முடிந்ததும் உள்ளே ஏற்ற வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகும். ‘வால்ட்’ என்று அதற்குப் பெயராகிவிட்டது. அறிமுகக் கூட்டத்தில் அதை ஆதரித்துப் பேசும்படி மேலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். ஒலிவாங்கி இல்லாத கூட்டம் எனக்குப் போதாதுதான், இருந்தாலும் பேசினேன். பென் டிரைவை வரைபடங்களின் அநாதை விடுதி என்றேன். சட்டைப்பையில் ஒரு சாலையைச் சுமந்து திரிவது பொறுப்பாகுமா என்று கேட்டேன். கைதட்டல் எழுந்தது. சர்வேயர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாம் சரிதான் பேச்சாளரே. மலைல சிக்னலே இல்ல. அங்க குந்திக்கினு உன் வால்ட்ட நான் எப்பிடித் தொறக்கறது?”

நல்ல கேள்வி. அதனால்தான் அதை முதலில் பாராட்டினேன். பிறகு சொன்னேன்: “அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் சிக்னல் இல்லாத இடத்துக்காகச் சட்டத்தைத் தளர்த்தினால், நாளைக்குச் சிக்னல் இருக்கிற இடத்திலும் சட்டம் இருக்காது.” சொல்லிவிட்டு அவையைப் பார்த்தேன். அவை சிரித்தது, தட்டியது. அவருடைய கேள்விக்கு நான் விடை சொல்லவே இல்லை என்பதை அந்த அறையில் யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். கையிலிருந்த பென் டிரைவுக்கு மூடியை மாட்டினார். டிக். நான் வென்ற விவாதங்களில் எதிரணியின் கடைசிச் சொல்லாக எனக்கு நினைவிருப்பது அந்த ஓசை ஒன்றுதான்.

அடுத்த வாரமே அலுவலகத்துக்குள் பென் டிரைவ் கொண்டுவரத் தடை என்று சுற்றறிக்கை வந்தது. என் பேச்சிலிருந்து ஒரு வரியை அப்படியே அதில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அதை வெட்டி வைத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்கு மகிழ்ச்சி. சர்வேயரால் மலையில் வேறு வழியில் வேலை செய்ய முடியாது; தடைக்குப் பிறகும் அவர் பென் டிரைவில்தான் வரைந்தார். அலுவலகத்துக்கு வரும் நாளில் அதை ஜீப்பிலேயே விட்டுவிட்டு, முதன்மை வரைபடத்தை மட்டும் மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு மாடியேறுவார். சில மாதங்களில் ஒடிசாவில் ஒரு சுரங்கத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும் நாளில் மடிக்கணினியை ஒப்படைத்தார். அலுவலகம் தன் வழக்கப்படி அன்றே அதைத் துடைத்து வெறுமையாக்கியது. ஒப்படைப்புப் படிவத்தில் கணினிக்கு ஒரு கட்டம் இருந்தது, அளவைக் கருவிக்கு ஒரு கட்டம் இருந்தது, மழைச்சட்டைக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. பென் டிரைவுக்குக் கட்டம் இல்லை. தடை செய்யப்பட்ட பொருளைப் படிவத்தில் யார் சேர்ப்பார்கள்?

அவர் போனபின் சாலை வரைபடம் தலைமை அலுவலகத்துக்கு ஒருமுறை சரிபார்க்கப் போய்த் திரும்பியது. ஏழாம் தாளில் ஒரு சிவப்பு வட்டம். நேராக வந்துகொண்டிருந்த சாலை அந்த இடத்தில் மட்டும் இடப்பக்கம் வளைந்து, பிறகு மறுபடி நேராகிறது. ‘இந்த வளைவுக்குக் காரணம் என்ன?’ என்று எழுதியிருந்தார்கள். தாளைத் திறந்து பார்த்தேன். வீடு இல்லை, மரம் இல்லை, பாறை இல்லை. வெள்ளைத் திரையில் ஒரு கோடு எதையோ கண்டு ஒதுங்குவதுபோல ஒதுங்கியது. எதைக் கண்டு என்பதுதான் தெரியவில்லை. மேலாளர் எட்டிப் பார்த்து, “நேராப் போட்டுடும்மா” என்றார். போட்டேன். நான்கு சொடுக்குகள். கோடு நேரானபோது அழகாக இருந்தது என்பதையும் மறைக்கமாட்டேன்.

பெட்டகத்தில் எல்லாவற்றையும் உள்ளேற்றும் நாள் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு. அதன்பின் வரைபடங்கள் பூட்டப்பட்டு, அப்படியே கட்டுமானத்துக்குப் போகும். புதன்கிழமை காலையில் தொடங்கினோம். ஒரு தாளை உள்ளேற்ற முனைந்தால் பெட்டகம் அதன் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தேடும். கிடைக்காவிட்டால் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பட்டியலைக் காட்டி, ‘விட்டுவிட்டுத் தொடரவா?’ என்று கேட்கும். பக்கத்து மேசைக்காரர், “அது கேட்டுக்கினேதான் இருக்கும். கடைசி பட்டன அமுத்தினு போய்ட்டே இரு” என்றார். அமுத்தினேன். ஆறு தாள்கள் அப்படியே உள்ளே போயின. ஏழாவது தாளில்தான், தேநீர் வரத் தாமதமானதால், பட்டியலைப் படித்தேன். ஜி டிரைவில் உள்ள பதினொரு கோப்புகள் கிடைக்கவில்லை. நிலம், வீடு, மரம், பாறை என்று பெயர்கள் வரிசையாக இறங்கின. பதினோராவது பெயர்: சுனை.

வளைவுக்குக் காரணம் இருந்திருக்கிறது. காரணம் இருந்த கோப்பு திரைக்கு வராததால் வளைவு காரணமற்றதாகத் தெரிந்திருக்கிறது. காரணமற்றது என்று நான் நேராக்கிய கோடு, வெள்ளிக்கிழமை மாலையில் ஓர் ஊரின் தண்ணீர்மேல் போய் நிற்கப்போகிறது. அந்தக் குக்கிராமத்துக்குக் கோடையில் வேறு தண்ணீர் இல்லை என்று சர்வேயர் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் கேட்டிருக்கிறேன், காதால் மட்டும். படிக்கட்டில் நின்று அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“இன்னா பேச்சாளரே, ஆச்சரியமா கீது? யாரு செத்துட்டாங்க?”

“அண்ணா, சுனை ஃபைல் எங்க?”

“ஜி டிரைவுல.”

“ஜி டிரைவ் எங்க?”

“அது ஜீப்புல பாடினு இருக்கும்.”

அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாடவில்லை. அந்தப் பென் டிரைவில் வரைபடங்களோடு சினிமாப் பாட்டுகளும் இருந்தன. அளவை நடந்த மாதங்களில் எங்கள் அலுவலகம் வாடகைக்கு வைத்திருந்த ஜீப்பில் போகும்போதும் வரும்போதும் அதைத்தான் செருகிப் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். கடைசி நாளில், மாடிக்குக் கொண்டுபோக முடியாத பொருளை அவர் ஓட்டுநரிடம் கொடுத்து, “பத்திரமா வெச்சிரு, ஆபீஸ்லேந்து கேப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஜீப் இப்போது புதூர்நாட்டில், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பங்கு ஜீப்பாக ஓடுகிறதாம். “யாருமே கேக்கலியா?” என்றார் என்னிடம். அந்தக் குரலில் குத்தல் இல்லை. குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மேலாளரிடம் சென்று, நாளை மலைக்குப் போக வேண்டும் என்றேன். “எதுக்கு?” என்றார். கோப்புகள் புதூர்நாட்டு ஜீப்பில் இருக்கின்றன என்றேன். நாற்காலியைத் திருப்பி என்னை முழுதாகப் பார்த்தார். “ஏம்மா பட்டிமன்றம், இங்க கெடு கழுத்தப் புடிக்குது. நீ ஜீப்புல பாட்டு கேக்கப் போறன்ற?” விடுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. நான் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

வியாழன் காலைப் பேருந்தில் புதூர்நாட்டில் இறங்கியபோது அந்தப் பங்கு ஜீப் புறப்படத் தயாராக நின்றது. பின்புறம் புளி மூட்டைகள்; அவற்றின்மேல் ஒரு பலாப்பழம் பயணியைப்போல அமர்ந்திருந்தது. ஓட்டுநர் ஐம்பதைத் தொட்டவர், தலையில் துண்டு. என்னை முன்னிருக்கையில் இடுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பாட்டு தொடங்கியது. இசைப்பெட்டியின் வாயில் சிவப்பு மூடி இல்லாமல், ‘ஜி’ என்ற எழுத்தோடு, நான் தேடிவந்த பொருள் செருகியிருந்தது. எங்கள் அலுவலகத்தின் பதினொரு இணைப்புகளும் என் முழங்காலுக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தன.

“அண்ணே, இது எனக்கு வேணும்.”

“எது, பாட்டா?”

“பென் டிரைவ்.”

பின்னாலிருந்து ஒரு பெண், “அத குட்த்துட்டு இன்னாத்த போட்டு வண்டி ஓட்டுவ? பாட்டு இல்லன்னா உன் பேச்ச இல்ல நாங்க கேக்கணும்” என்றார். வண்டி முழுக்கச் சிரிப்பு. ஓட்டுநர் சிரிக்கவில்லை. “சர்வேயரு குட்த்தது. ஆபீஸ்லேந்து வந்து கேப்பாங்கன்னாரு. நீ ஆபீஸா?” என்றார். ஆமாம் என்றேன். “ஆபீஸ் இவ்ளோ சின்னதா கீதே” என்று சொல்லி, பையைத் துழாவிச் சிவப்பு மூடியை எடுத்து என் மடியில் வைத்தார். அதையும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். பதிலுக்கு நான் கொண்டுவந்திருந்த புதிய பென் டிரைவில், அவர் கண்முன்பாகவே என் மடிக்கணினியைத் திறந்து பாட்டுகளைப் பெயர்த்துக் கொடுத்தேன். வண்டி ஓடை ஒன்றின் கரையில் அதற்காக நின்றது. ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை.

பழையதில் ஒரு கோப்புறைக்குள் நிலம் இருந்தது, வீடு இருந்தது, மரம் இருந்தது, பாறை இருந்தது. எண்ணிப் பார்த்தேன், பத்து. சுனை இல்லை.

ஓட்டுநரிடம் கேட்டேன். துண்டை அவிழ்த்துத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். “பாட்டுங்களுக்கு நடுவுல ஒண்ணு கீதும்மா. அது வந்தா செட்டு அப்பிடியே நின்னுடும். புடுங்கிச் சொருகினாத்தான் மறுபடி பாடும். போன மாசம் செல்லுக் கடைக்காரன்கிட்ட புதுப் பாட்டு ஏத்தக் குட்த்தேன். எடம் இல்லன்னான். பாடாதத எடுத்துடுன்னேன்.”

பாடாததை எடுத்துவிட்டார்கள். கடைசி நாளில் அவசரமாக வரைந்த கோப்பைச் சர்வேயர் கோப்புறைக்குள் போடாமல் வெளியே, பாட்டுகளின் நடுவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது இருந்த இடத்தில் இப்போது நான்கைந்து புதுப் பாட்டுகள் ஏறிவிட்டன, மீட்க வழியில்லை. அந்த ஓட்டுநரை நான் அன்றும் குறை சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். பாடாததை எடுத்தவர் அவர். தெரியாததை நேராக்கியவள் நான். எங்கள் இருவரில் பட்டயம் வைத்திருந்தவள் நான்தான்.

அந்தத் தடத்தில் அலைபேசிக்கு உயிர் வரும் இடம் ஒன்றே ஒன்று, ஒரு யானைமுதுகுப் பாறை. ஓட்டுநர் அங்கே நிறுத்தினார். பாறைமேல் ஏறிச் சர்வேயரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் சுரங்க இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

“வெளிய வெச்சது என் தப்பு” என்றார். பிறகு, “சுனையச் சுத்தி மூணு கல்லுல செவப்பு பெயிண்டு வெச்சிருக்கேன். நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு, நாப்பத்திமூணு. அந்தக் கல்லுங்க நெலம் ஃபைல்ல இருக்கும், பாரு. ஆனா சுனைய அளக்க மிஷின் வேணும். வாயால அளக்க முடியாது பேச்சாளரே.”

கடைசி நிறுத்தத்தில் இறங்கிக் கற்களைத் தேடிப் போனேன். நாற்பத்தொன்று பாசியேறிக் கிடந்தது. மற்ற இரண்டும் தெளிவாக இருந்தன. மூன்றுக்கும் நடுவில், இடுப்புயரப் பாறைப் பிளவின் அடியில், ஓர் ஆள் படுத்தால் நிறையும் அளவுக்குத் தண்ணீர். அடிமணல் தெரிந்தது. ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து என்னைக் கிண்டல் செய்த அதே பெண் மஞ்சள் குடத்தோடு அங்கே வந்து சேர்ந்தார். ஒரு கிண்ணத்தால் கலக்காமல் மொண்டு மொண்டு ஊற்றினார். குடம் நிறைவதற்கு நெடுநேரம் ஆனது. அவசரப்பட்டால் சேறு வருமாம். நான் மடிக்கணினியைப் பாறைமேல் வைத்து எதையோ தேடுவதைப் பார்த்து, “இன்னா பாப்பா அதுல?” என்றார். இந்தச் சுனை எங்கள் தாளில் இல்லை என்றேன்.

“தாள்ல இல்லன்னா தண்ணி வத்திடுமா?” என்று கேட்டுச் சிரித்தார்.

“தாள்ல இல்லன்னா இது மேல ரோடு வரும்க்கா.”

சிரிப்பு நின்றது. கிண்ணத்தைக் குடத்தின் வாயில் கவிழ்த்து வைத்தார். “ரோடு வோணாம்னு நாங்க சொல்லல. பிரசவத்துக்கு டோலி கட்டித் தூக்கினு போன ஊரு இது. ரோடு வரட்டும். ஆனா வந்த ரோட்டுல நின்னுக்கினு தண்ணிக்கு எங்க போறது?” என்றார். எத்தனையோ நடுவர்கள் தீர்ப்புக்கு முன்னால் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இது ஒன்றுக்குத்தான் விடை சொல்லாமல் அவையைப் பார்க்க என்னால் முடியவில்லை. அங்கே பார்ப்பதற்கு அவையும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் பத்து கோப்புகளையும் பெட்டகத்துக்குள் ஏற்றி, முகவரிகளைத் திருத்தி, நான் கண்ணை மூடிக்கொண்டு விட்டுத்தள்ளிய ஆறு தாள்களையும் வெளியே எடுத்துச் சரிசெய்து மறுபடி உள்ளேற்றினேன். ஏழாம் தாள் மட்டும் நின்றது. பெட்டகம் கேட்டது: சுனை கிடைக்கவில்லை, விட்டுவிட்டுத் தொடரவா? மேலாளர் என் பின்னால் நின்றார். அவர் மேசையிலிருந்த அலைபேசியின் ஒலிபெருக்கியில் தலைமை அலுவலகம் காத்திருந்தது. மேலாளர் கெட்டவர் அல்லர். அந்த மாடியில் இருந்த எல்லோருடைய வேலையும் அந்தக் கெடுவைக் கட்டிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பயம் அவர் குரலில் தெரிந்தது.

“அமுத்தும்மா.”

“அமுத்த மாட்டேன் சார்.”

“உன்ன தீர்ப்பு சொல்லச் சொல்லல. பட்டன அமுத்தச் சொன்னேன்.”

“இல்லாத கோப்ப விட்டுட்டுப் போகலாம் சார். இது இருந்த கோப்பு. நேத்து அந்தத் தண்ணிய நான் குடிச்சேன்.”

“அளவு இருக்கா உங்கிட்ட?”

“இல்ல.”

“அப்ப எத வெச்சு வரைவ?”

ஒரு புதிய வெற்றுக் கோப்பைத் திறந்தேன். சுனை என்று பெயரிட்டேன். நிலக் கோப்பிலிருந்த மூன்று கற்களின் புள்ளிகளை அடையாளமாகக் கொண்டு, அவற்றின் நடுவே ஒரு பெரிய வட்டம் போட்டேன். அந்த வட்டத்துக்குள், பெட்டகத்தின் வரலாற்றில் ஒருவரும் எழுதியிராத நீளத்தில் ஒரு குறிப்பை எழுதினேன்: ‘இங்கே ஒரு சுனை உள்ளது. இதை அளந்த கோப்பு அழிந்துவிட்டது. அளந்தவர் தொலைக்கவில்லை, அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள நாம் வழி வைக்கவில்லை. மறுபடி அளக்கும்வரை இந்த வட்டத்துக்குள் சாலை வரையக் கூடாது.’ கீழே என் பெயர். பிறகு நான் நேராக்கிய கோட்டைப் பழையபடி வளைத்தேன். உள்ளேற்று என்றேன். இணைப்புகள் அனைத்தும் கிடைத்ததாகப் பெட்டகம் பச்சை நிறத்தில் சொன்னது. மணி நான்கே முக்கால். மேலாளர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, ஒலிபெருக்கியை நோக்கி, “எல்லாம் உள்ள போயிடுச்சு சார்” என்றார். பொய்யில்லை.

திங்கட்கிழமை எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒப்புதல் இல்லாத விடுப்பு, தடை செய்யப்பட்ட பென் டிரைவைப் பயன்படுத்தியது, அளவில்லாத வட்டத்தை வரைபடம் என்று உள்ளேற்றியது. மூன்றும் உண்மை என்று ஒப்புக்கொண்டேன். கூடவே இரண்டு வரி எழுதினேன். ‘அந்த இடத்தில் சுனை இல்லை என்று யாரேனும் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால், என் கோப்பை நானே நீக்குகிறேன். அதுவரை அது அங்கேயே இருக்கும்.’ என் வாழ்க்கையில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான். இரண்டு வாரம் போயிற்று. கையெழுத்திட ஒருவரும் முன்வரவில்லை. மூன்றாவது வாரம் ஓர் அளவைக் குழு கருவியோடு மலையேறியது.

என்னை அந்தத் திட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். வரைவதிலிருந்தும் விலக்கினார்கள். இப்போது எல்லாக் கிளைகளிலிருந்தும் வரும் வரைபடங்களைப் பெட்டகத்துக்குள் ஏற்றும் மேசையில் இருக்கிறேன். தண்டனையாகக் கொடுத்த மேசை. விட்டுவிட்டுத் தொடரவா என்ற கேள்வி நாள் முழுவதும் என்னிடம்தான் வருகிறது. நான் விடுவதில்லை. காணாமல் போன ஒவ்வொரு இணைப்புக்கும் அதை வரைந்தவரைத் தொலைபேசியில் பிடித்து, எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறேன். சிலர் எரிந்து விழுகிறார்கள். “போன ஆபீஸ்ல யாரும் இப்பிடிக் கேக்கலியே” என்கிறார்கள். கேட்காததுதான் குற்றம் என்று சொல்லிவிட்டு மறுபடி கேட்கிறேன். அந்தச் சுற்றறிக்கைத் துண்டையும் வைத்திருக்கிறேன், பெருமைக்காக அல்ல. என் வரி அங்கே எத்தனை அழகாக நிற்கிறது என்பதை மாதம் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் மலைக்குப் போயிருந்தேன். சாலை அந்த இடம்வரை வந்திருக்கிறது. தார் இன்னும் போடவில்லை, ஜல்லி விரித்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டாம் கல்லுக்கு முன்னால் சாலை இடப்பக்கம் ஒதுங்குகிறது. ஓட்டுநர் அங்கே காரணமில்லாமல் இரண்டு முறை ஒலி எழுப்பினார். பக்கத்தில் இருந்த புதுப் பயணி, “இன்னாத்துக்கு இங்க வளைச்சிக்கினு போறாங்க?” என்று அலுத்துக்கொண்டார். ஓட்டுநர் என் பக்கம் தலையை ஆட்டி, “ஆபீஸ் கீது, கேளு” என்றார். சுனையருகே நான்கு மஞ்சள் குடங்கள் வரிசையாக இருந்தன. அன்று மாலை சர்வேயருக்குப் பேசினேன். வளைவைப் பற்றிச் சொன்னேன். “எத்தனை மீட்டர் ஒதுக்கினானுங்க?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “நான் போட்டதவிட ரெண்டு மீட்டர் கம்மி” என்றார். அதற்குமேல் அவர் மகிழ்ச்சியைக் காட்டுவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

பெட்டகத்தில் சுனை என்ற கோப்புக்கு இப்போது இரண்டு பதிப்புகள். இரண்டாவது பதிப்பு கருவியால் முறைப்படி அளக்கப்பட்டது, அழகானது, ஒப்புதல் பெற்றது. முதலாவது என் வட்டமும் குறிப்பும். அது வரைபடமே இல்லை, பதிவைக் கெடுக்கிறது, நீக்குவதற்கு ஒப்புதல் தாருங்கள் என்று சில மாதங்களுக்கு ஒருமுறை திரையில் ஒரு செய்தி வருகிறது. சர்வேயர் தொலைக்கவில்லை என்று எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அதுதான். இன்று காலையும் அந்தச் செய்தி வந்தது. எதிர்த்து வாதாட என்னிடம் ஒரு மணி நேரப் பேச்சு இருக்கிறது. அதில் ஒரு சொல்லைக்கூட நான் செலவழிப்பதில்லை. ‘மறுக்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துகிறேன். திரையின் கழுத்தில் தொங்கும் பென் டிரைவிலிருந்து அந்தச் சிவப்பு மூடியைக் கழற்றுகிறேன். அதற்குச் சத்தம் வராது. பிறகு மாட்டுகிறேன்.

டிக்.